வாசகர் கேள்வி பதில்: பழைய டிரம் பேட்ஜ் ஆடுது, எந்த டூல் வாங்கலாம்?

கேள்வி: அண்ணே வணக்கம். எங்க பெரியப்பா பினாங்குல கிளப் பேண்டுல வாசிச்சவரு, அவரோட லட்விக் கம்பெனி ஸ்னேர் டிரம் இப்ப என்கிட்ட இருக்கு. 14 இன்ச், மர ஷெல் (டிரம்மோட உடம்பு), 60கள்ல வந்த கீஸ்டோன் பேட்ஜ் (கம்பெனி பேர் போட்ட தகடு). காத்து ஓட்டைல பேட்ஜைப் புடிச்சிருக்கிற குரோமெட், அதான் அந்த உலோக வளையம், உள்பக்கம் கிழிஞ்சிருச்சு, வாசிச்சா கிர்ருனு சத்தம். பேனர் கடைல ஐலெட் வளையம் அடிக்கிற செட் கிடைக்கும், சுத்தியலால ரெண்டு போடு போட்டா முடிஞ்சதுன்னு கூட்டாளி சொல்றாரு. செய்யலாமா?
– வாசகர், பட்டர்வொர்த்

பதில்: வேணாம் தம்பி, தயவுசெஞ்சு வேணாம். பேனர் ஐலெட் துணிக்கும் கேன்வாஸுக்கும் செஞ்சது, கழுத்து (ஓட்டைக்குள்ள போற குழாய்) குட்டையா இருக்கும், உங்க ஷெல்லே அஞ்சாறு மில்லி கனம், அதுக்கு மேல ராப் (ஷெல்ல சுத்தி ஒட்டின அலங்காரத் தாள்), அதுக்கு மேல பேட்ஜ், இதெல்லாம் தாண்டி மறுபக்கம் எட்டவே எட்டாது. எட்டலயேன்னு ஓட்டைய உள்பக்கம் குடைஞ்சு பெருசாக்குறவங்களும் இருக்காங்க, 60 வருஷ டிரம்முக்கு அதைவிட பெரிய பாவம் இல்ல.

அடுத்தது சுத்தியல். குரோமெட்டோட விளிம்பை உள்பக்கத்துல இருந்துதான் மடக்கணும், 14 இன்ச் ஷெல்லுக்குள்ள கைய விட்டு சுத்தியல நேரா ஓங்கவே எடம் இருக்காது, அடி சாஞ்சு விழும், விளிம்பு ஒருபக்கமா பிளக்கும், அந்த அதிர்ச்சி மொத்தமும் பழைய பசைல ஒட்டின மரத்துக்கும் மெல்லிசு பேட்ஜுக்கும்தான் போகும். 22 இன்ச் பேஸ் டிரம்னா எடம் இருக்கு, சுத்தியலால அடிக்கிற டை (விளிம்பை மடக்குற அச்சு) வச்சு பழகினவங்க அழகா செய்வாங்க. ஸ்னேருக்கும் 12 இன்ச் டாம் டிரம்முக்கும் நான் சொல்றது போல்ட் போட்டு இறுக்குற டூல்தான்.

அது எப்படி வேலை செய்யுதுன்னா, ரெண்டு டை, நடுவுல ஒரு போல்ட். வெளிப்பக்க டைல குரோமெட் தலைக்கு ஏத்த மாதிரி குழி இருக்கும், அதனால தலை நசுங்காது. உள்பக்க டைல வளைஞ்ச பள்ளம், நட்டை ஸ்பேனரால கொஞ்சம் கொஞ்சமா இறுக்க இறுக்க கழுத்து விரிஞ்சு வெளிய சுருண்டு மரத்துமேல படியும். கால் சுத்து, நிறுத்திப் பாருங்க, பேட்ஜ் நேரா இருக்கான்னு பாருங்க, மறுபடி கால் சுத்து. சுத்தியல்ல இந்த நிறுத்திப் பாக்குற வசதியே கிடையாது, அதான் எனக்கு இந்த டூல்மேல இவ்ளோ பிரியம்.

ஆன்லைன்ல வாங்கினா டூலும் குரோமெட்டும் ஒரே ஆள்கிட்ட வாங்குங்க, சைஸ் கொஞ்சம் மாறினாலும் டை ஒத்துவராது. இல்லாட்டி உங்க பக்கத்து ஊர் பிறைல லேத்து பட்டறைல குரோமெட்டையே கைல குடுத்து அளவெடுத்து டையை கடைய சொல்லலாம். வெர்னியர்ல ஷெல், ராப், பேட்ஜ் மூணையும் சேத்து அளந்து, கழுத்து அதுக்கு மேல ரெண்டு மூணு மில்லி நீளம் இருக்கிற பித்தளை குரோமெட்டா பாருங்க. அதிகமா நீட்டிக்கிட்டு இருந்தா சுருளும்போது பிளக்கும். மொதல்ல அதே கனத்துல ஒரு பிளைவுட் துண்டுல ஓட்டை போட்டு பழகிட்டு அப்புறம் டிரம்முக்கு வாங்க.

கேள்வி: பழைய குரோமெட்டை எடுக்க டிரெமல் (கைல புடிச்சு அரைக்கிற சின்ன மிஷின்) போதுமா?
– வாசகர், செந்தூல்

பதில்: எடுக்க முன்னாடி ஒண்ணு பாருங்க, வெறும் லூஸா இருந்து விளிம்பு கிழியாம இருந்தா எடுக்கவே வேணாம், அதே டூல்ல லேசா இறுக்குங்க, பேட்ஜ் கழட்டாத டிரம்முக்கு சேகரிக்கிறவங்ககிட்ட தனி மதிப்பு. எடுத்தே ஆகணும்னா உள்பக்கம் மட்டும்தான் வேலை. வெளிய ஸ்க்ரூடிரைவர் விட்டு நெம்பினா பேட்ஜ் வளையும், வளைஞ்சது பழையபடி நிமிராது. கூர்மூக்கு பிளையரால விளிம்பை துண்டு துண்டா உள்ள மடக்குங்க, மிச்சத்தை சின்ன அரத்தால ராவிட்டு வெளிய தள்ளுங்க. டிரெமல் வழுக்கினா போச்சு, நிறைய 60கள் லட்விக்ல உள்ள சிவப்பு மையில தேதி முத்திரை இருக்கும், அதை அழிச்சிடாதீங்க. பேட்ஜ் நம்பரைவிட அந்த முத்திரைதான் வருஷம் சொல்றதுக்கு நம்பகம், ஏன்னா நம்பர் பேட்ஜுகளை வரிசைப்படி போடல. இன்னொண்ணு, முத்து மாதிரி மினுக்குற பழைய பேர்ல் ராப் நிறைய செல்லுலாய்டு, சுலபமா தீ புடிக்கும், டார்ச்சோ ஹீட் கன்னோ பக்கத்துல கொண்டு போகாதீங்க.

கேள்வி: புது குரோமெட் பளபளன்னு தனியா தெரியுது, ஆசிட் போட்டு பழசாக்கலாமா?
– வாசகர், பிரிக்ஃபீல்ட்ஸ்

பதில்: ஆசிட் பேட்ஜ்ல பட்டா பெயிண்டும் எழுத்தும் போயிடும். விட்ருங்க, நம்ம ஊர் ஈரக்காத்துல பித்தளை தானா மங்கும். விக்கும்போது குரோமெட் மாத்தினதுன்னு வாங்குறவர்கிட்ட சொல்லிடுங்க.