அக்கம்பக்கக் குழுக்கள்: கேள்வி பதில்

குப்பையைக் குறைப்பது, மின்சாரத்தை மிச்சப்படுத்துவது, உடைந்ததை ரிப்பேர் செய்து பயன்படுத்துவது என்று எதையாவது பக்கத்து வீட்டாரோடு சேர்ந்து செய்ய நினைப்பவர்களுக்கான கேள்வி நேரம் இது. சிறு குழுக்களைக் கூட்டுவதும், கூடியவை கலையாமல் பார்த்துக்கொள்வதும்தான் எனக்குத் தெரிந்த வேலை. எந்த கம்பெனி சோலார் நல்லது, எந்த மெஷின் வாங்கலாம் என்றெல்லாம் தயவுசெய்து கேட்காதீர்கள்.

புதுமுகம்: அக்கா, ஆர்வம் இருக்கிறது, எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. எத்தனை பேர் வேண்டும்?

ஆறு முதல் எட்டு வீடு போதும். எல்லாரும் ஒருவர் வீட்டு ஹாலில் உட்கார முடிய வேண்டும், அதுதான் அளவு. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை கூடுங்கள். ஒரே ஒரு விஷயத்தை எடுங்கள். கலையும்போது ஒவ்வொருவரும் அடுத்த கூட்டத்துக்குள் என்ன செய்யப்போகிறார் என்பதை மற்றவர் முன்னால் வாய்விட்டுச் சொல்லட்டும். அடுத்த கூட்டம் "சொன்னது நடந்ததா?" என்பதில்தான் தொடங்க வேண்டும்.

இதற்குப் பழைய ஆதாரம் உண்டு. இரண்டாம் உலகப் போர் நேரத்தில் அமெரிக்காவில் இறைச்சித் தட்டுப்பாடு. இதயம், சிறுநீரகம் போன்ற உள்ளுறுப்புகளையும் சமைக்க வைக்க முடியுமா என்று கர்ட் லெவின் என்ற உளவியலாளர் சோதித்தார். ஒரு பகுதிப் பெண்களுக்கு நல்ல சொற்பொழிவு. இன்னொரு பகுதியினர் கூடிப் பேசி, கடைசியில் கை தூக்கி முடிவெடுத்தார்கள். சொற்பொழிவு கேட்டவர்களில் 3 சதவீதம் பேர்தான் அதுவரை சமைக்காததைச் சமைத்தார்கள். பேசி முடிவெடுத்தவர்களில் 32 சதவீதம். ஆகவே நிபுணரை அழைத்துவந்து பேசவிடுவதில் நேரத்தை வீணாக்காதீர்கள். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

ஒரு எச்சரிக்கை: வாட்ஸ்அப்பில் இருப்பது குழு அல்ல, முகவரிப் பட்டியல்.

ஊர்கூடி: ஊர் கூடித்தானே தேர் இழுக்க வேண்டும்? எட்டு வீட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது? எங்களிடம் 200 பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள்.

தேர் என்றதும் வடம் ஞாபகம் வருகிறது. மாக்ஸ் ரிங்கல்மான் என்ற பிரெஞ்சு வேளாண் பொறியாளர் ஆட்களை வடம் இழுக்கவைத்து அளந்து 1913-ல் முடிவை வெளியிட்டார். ஆள் சேரச் சேர மொத்த இழுவிசை கூடியது, ஆனால் தலைக்கு விழும் பங்கு குறைந்துகொண்டே வந்தது. எட்டுப் பேர் சேர்ந்தபோது ஒவ்வொருவரும் தனியாக இழுப்பதில் ஏறக்குறைய பாதிதான் இழுத்தார். எல்லாரும் ஒரே நொடியில் இழுக்காதது ஒரு காரணம். 1974-ல் வேறு ஆய்வாளர்கள் கண்ணைக் கட்டி, பின்னால் ஆட்கள் இருப்பதாக நம்பவைத்து, தனியாக இழுக்கவிட்டார்கள். அப்போதும் விசை குறைந்தது. மற்றவர் பார்த்துக்கொள்வார் என்ற நினைப்பே போதும், கை தளர்ந்துவிடும்.

எட்டுப் பேரிலேயே இப்படியென்றால் 200-ல் எப்படியிருக்கும்? அதனால்தான் ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே ஒரு வேலை இருக்க வேண்டும் என்கிறேன். 200 பேரை 25 குழுவாகப் பிரியுங்கள். எல்லாக் குழுவும் ஒரே நாளில் தொடங்க வேண்டும் என்று அடம்பிடிக்காதீர்கள். மூன்று தொடங்கினாலே நல்லது.

அடுக்ககவாசி: ஐந்து வீடு சேர்ந்து பொது உரத் தொட்டி வைத்தோம். மூன்றாவது வாரத்திலேயே நாற்றம், புழு. மேல்மாடியில் புகார். இரண்டு வீடு விலகிவிட்டது. குழுவே கலைந்துவிடும்போல இருக்கிறது.

இதைத்தான் எதிர்பார்த்தேன். உங்களுக்கு இருப்பது இரண்டு வியாதி. ஒன்று தொட்டியில், இன்னொன்று குழுவில்.

முதலில் தொட்டி. உள்ளே நடுவிலிருந்து ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பிழியுங்கள். விரலிடுக்கில் ஓரிரு துளி கசிந்தால் பதம் சரி. ஒழுகினால் ஈரம் அதிகம். காற்று போகவேண்டிய இடத்தில் தண்ணீர் நிற்கிறது, காற்று தேவைப்படாத நுண்ணுயிர்கள் வேலையை எடுத்துக்கொண்டுவிட்டன. அழுகிய முட்டை வாடை வந்தால் இதுதான் காரணம். மூக்கைச் சுள்ளென்று எரிக்கும் அம்மோனியா வாடை என்றால் நைட்ரஜன் மிதமிஞ்சிப் போயிருக்கிறது. இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான்: காய்ந்த இலை, துண்டாக்கிய அட்டை, மரத்தூள். நுண்ணுயிர்களுக்கு ஒரு பங்கு நைட்ரஜனுக்கு 25 முதல் 30 பங்கு கார்பன் வேண்டும். சமையலறைக் கழிவில் அவ்வளவு கிடையாது. வாளிக் கணக்கில் சொன்னால், ஒரு வாளி ஈரக் கழிவுக்கு இரண்டு, மூன்று வாளி காய்ந்த இலை. போட்டுக் கிளறிவிடுங்கள், சில நாளில் வாடை அடங்கும். தொட்டிக்குப் பக்கத்தில் காய்ந்த இலை மூட்டை இல்லையென்றால் கழிவு போடக் கூடாது என்று விதியே வையுங்கள்.

இனி குழு. யார் கிளறுவது என்று கேட்டால் "எல்லாரும்தான்" என்றிருப்பீர்கள், சரியா? அப்படியென்றால் யாரும் இல்லை. பொதுச் சொத்தை மக்கள் தாங்களாகவே எப்படிக் கட்டிக்காக்கிறார்கள் என்று ஆராய்ந்து 2009-ல் பொருளியல் நோபல் பெற்றவர் எலினோர் ஆஸ்ட்ரம். நீண்டகாலம் நிலைத்த ஏற்பாடுகளில் அவர் கண்டவற்றில் மூன்று உங்களுக்குப் பொருந்தும்: பயன்படுத்துகிறவர்களே விதியைப் போட்டார்கள், கண்காணித்தவர்கள் அவர்களில் ஒருவராகவோ அவர்களுக்குக் கணக்குச் சொல்லவேண்டியவராகவோ இருந்தார்கள், தவறியவருக்குத் தண்டனை சிறியதாகத் தொடங்கி, திரும்பத் திரும்பத் தவறினால்தான் கூடியது. முறைப்பட்டியல் எழுதித் தொட்டியிலேயே தொங்கவிடுங்கள். கிளறியவர் தேதி போட்டுக் கையெழுத்திடட்டும். முறை தவறினால் அடுத்த வாரம் இலை மூட்டை கொண்டுவருவது அவர் வேலை. அவ்வளவுதான் தண்டனை.

புகார் சொன்ன மேல்மாடிக்காரரிடம் சுற்றுச்சூழல் பாடம் எடுக்காதீர்கள். அவர் சொன்னது உண்மை, நாறியது. வாடை போனபின் வந்து பார்க்கச் சொல்லுங்கள்.

மீட்டர்: எங்கள் குழுவில் எல்லா வீட்டு மின்சார யூனிட்டையும் சராசரியையும் அட்டையில் எழுதி ஒட்டினோம். அதிகம் செலவழித்தவர்கள் குறைத்தார்கள். ஆனால் குறைவாகச் செலவழித்தவர்கள் கூட்டிவிட்டார்கள்!

உங்களுக்கு மட்டும் நடந்ததல்ல. கலிபோர்னியாவில் சான் மார்க்கோஸ் என்ற ஊரில் நடந்து 2007-ல் வெளியான ஆய்வில் இதேதான் நடந்தது. சராசரியைப் பார்த்ததும் "நான்தான் அதிகமாக ஒடுக்கிக்கொண்டேனோ" என்று தோன்றிவிடுகிறது. அங்கே குறைவாகச் செலவழித்த வீடுகளின் சீட்டில் ஒரு சிரித்த முகம் வரைந்து கொடுத்தார்கள், ஏற்றம் நின்றது. சராசரியை அழித்துவிட்டு மிகக் குறைந்த யூனிட்டை மேலே எழுதுங்கள்.

சந்தேகப்பிராணி: எல்லாம் சரி மேடம். எட்டு வீடு பல்பு மாற்றினால் உலகம் குளிர்ந்துவிடுமா? பெரிய கம்பெனிகள் புகையைக் கக்குகின்றன, நாம் இலை மூட்டை தூக்குகிறோம். ஒரு ஆள் எவ்வளவு கார்பன் புகைக்குக் காரணம் என்று சொல்லும் தனிமனித "கார்பன் தடம்" கணக்கைப் பிரபலமாக்கியதே ஒரு எண்ணெய் கம்பெனிதானே?

ஆமாம், பிபி என்ற பிரிட்டிஷ் கம்பெனி. 2000-களின் நடுவில் பெரிய விளம்பரம் செய்து அதை வீட்டுக்கு வீடு கொண்டுபோனது. பழியை எண்ணெயை உறிஞ்சி எடுக்கிறவன் தலையிலிருந்து வண்டியில் ஊற்றுகிறவன் தலைக்கு மாற்றுவதுதான் அவர்கள் நோக்கம் என்று நானும் நினைக்கிறேன். ஆனால் அந்தக் கணக்கு உங்களைத் தனியாளாக உட்காரவைக்கிறது. நான் பேசுவது எட்டுப் பேரைப் பற்றி. தனியாள் ஒரு வாடிக்கையாளர். எட்டு வீடு சேர்ந்து கேட்டால் அது கோரிக்கை. கோபன்ஹேகன் கடற்கரைக்கு அருகே மிடல்குருண்டனில் 2000-ல் 20 காற்றாலைகள் நிறுவினார்கள். அதில் பாதிக்குச் சொந்தக்காரர்கள் ஆயிரக்கணக்கான சாதாரண மக்கள், கூட்டுறவுச் சங்கமாக. பேச்சு எங்கோ ஒரு சின்னக் குழுவில்தானே தொடங்க வேண்டும்?

கணக்குப்பிள்ளை: குறுக்கிடுகிறேன். வீட்டு அளவைக் குறைத்துப் பேசாதீர்கள் சந்தேகம் சார். ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் கணக்குப்படி 2022-ல் உலகத்தில் வீணான உணவு 105 கோடி டன். அதில் 60 சதவீதம் வீடுகளில். கம்பெனி வந்து நம் ஃப்ரிட்ஜைக் காலி செய்யவில்லை.

சந்தேகப்பிராணி: அதையே பிடித்துக்கொள்ளுங்கள். சின்னதைச் செய்தவன் "என் பங்கு முடிந்தது" என்று தூங்கிவிடுவான். பிறகு பெரிய விஷயத்துக்கு எங்கே வருவான்?

இது நியாயமான அடி. துணிப்பை எடுத்துப்போனதற்குப் பரிசாக விமானத்தில் ஊர் சுற்றுகிறவர்களை நானும் பார்த்திருக்கிறேன். கணக்குப்பிள்ளைக்கு: கிலோ கணக்கு வேண்டும், அது குழுவை நேர்மையாக வைக்கும். ஆனால் கிலோ மட்டுமே நோக்கம் என்றால் ஆறு மாதத்தில் குறைக்க ஒன்றும் மிஞ்சாது, குழு பஜனை மடமாகிவிடும். அதனால் மூன்றாவது கூட்டத்துக்கு ஒரு முறை வெளியே யாரிடமாவது ஏதாவது கேட்க வேண்டும் என்று நான் சொல்வேன். குப்பையைப் பிரித்தே அள்ளுங்கள், சைக்கிள் நிறுத்த இடம் கொடுங்கள், கூரையில் சோலார் வைக்க அனுமதியுங்கள், எதுவானாலும் சரி. வீட்டில் செய்துகாட்டியபின் கேட்பவரை அதிகாரி லேசில் தட்டிக்கழிக்க முடியாது.

நானும்வரேன்: எத்தனை பேர் வேண்டும் என்று சொல்லவே இல்லையே அக்கா?

முதல் பதில்.

சந்தேகப்பிராணி: மற்றவர்களுக்கு அக்கறையே இல்லாதபோது நீங்கள் எட்டுப் பேர் மாறி என்ன?

இதுதான் இன்றைக்கு நான் மறுத்தே ஆகவேண்டிய வரி. 2024-ல் வெளியான ஆய்வு ஒன்றில் 125 நாடுகளில் சுமார் 1,30,000 பேரைக் கேட்டார்கள். பருவநிலை மாற்றத்தைத் தடுக்க மாத வருமானத்தில் 1 சதவீதம் தரத் தயார் என்றவர்கள் 69 சதவீதம். அதே மக்களிடம் "உங்கள் நாட்டில் எத்தனை பேர் தருவார்கள்?" என்றபோது சொன்ன பதிலின் சராசரி 43. அக்கறை இருக்கிறது, அடுத்தவருக்கு அது தெரியவில்லை. ஆளாளுக்குத் "நமக்கு மட்டும்தான்" என்று கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். நாலு பேர் என்ன சொல்வார்களோ என்று தயங்குகிறவருக்கு, அந்த நாலு பேரும் இதைத்தான் செய்கிறார்கள் என்று காட்டுவதுதான் சிறு குழுவின் முக்கியமான வேலை. எனவே வெளியே தெரிகிற காரியத்தை எடுங்கள். கலிபோர்னியாவில் கூரை சோலார் எப்படிப் பரவியது என்று பார்த்தவர்கள், ஒரு வட்டாரத்தில் ஒன்று கூடினால் அடுத்தது வரும் வாய்ப்பும் கூடுவதைக் கண்டார்கள். கூரை தெருவிலிருந்து தெரியும். உங்கள் ஃப்ரிட்ஜ் தெரியாது.

கணக்குப்பிள்ளை: எத்தனை சதவீதம் மாறினால் ஊர் தானாகச் சாயும்? 25 என்று படித்தேன்.

டேமன் சென்டோலா என்ற சமூகவியலாளரின் குழுவினர் 2018-ல் வெளியிட்டது. ஒரு படத்துக்கு இருவர் இருவராகச் சேர்ந்து ஒரே பெயரைச் சொல்ல முயலும் விளையாட்டில், கால்வாசிப் பேர் புதுப் பெயரில் விடாப்பிடியாக நின்றதும் மற்றவர்களும் மாறிவிட்டார்கள். ஆனால் பெயர் மாற்றக் காசு செலவில்லை, உடம்பு வலிக்காது. காரை விடுவதும் அதுவும் ஒன்றல்ல. 25-ஐச் சுவரில் எழுதி வைக்காதீர்கள்.

சந்தேகப்பிராணியும் கணக்குப்பிள்ளையும் இனித் தனியாகப் பேசிக்கொள்ளலாம். வரிசையில் ஆள் நிற்கிறார்கள்.

பச்சைக்கிளி: குழுவுக்குப் பெயர் வைத்து, டி-ஷர்ட், துணிப்பை, ஸ்டீல் பாட்டில் ஆர்டர் கொடுக்கப் போகிறோம். சரிதானே?

இல்லை. பொருள் வாங்கித் தொடங்கிய குழு பொருளோடு நிற்கும். இருக்கிற சட்டையோடு போங்கள்.

அட்மின்: 140 பேர் இருக்கும் வாட்ஸ்அப் குழு, யாரும் பேசுவதில்லை.

முகவரிப் பட்டியல் எப்படிப் பேசும்?

நிழல்: எந்த சோலார் கம்பெனி…

கேட்காதீர்கள் என்றேன்.

ஒற்றை ஆள்: வீட்டில் மாமியார் ஒத்துழைப்பதில்லை.

இதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் ஒரு கூட்டத்தை உங்கள் வீட்டிலேயே வையுங்கள். நீங்கள் சொன்னால் கேட்காதவர் அடுத்த வீட்டுக்காரி சொன்னால் கேட்பார்.

ஸ்க்ரூடிரைவர்: மாதம் ஒரு நாள் ரிப்பேர் கூட்டம் போட ஆசை. எங்கள் குழுவில் மூன்று பேருக்குக் கைவேலை தெரியும்.

நல்ல கேள்வி, கடைசியில் வந்தீர்களே! மார்ட்டீன் போஸ்ட்மா 2009-ல் ஆம்ஸ்டர்டாமில் முதல் ரிப்பேர் கஃபே நடத்தினார், இன்று பல நாடுகளில் நடக்கிறது. அதன் உயிர் ஒரே வழக்கத்தில் இருக்கிறது: பொருளின் சொந்தக்காரர் பக்கத்திலேயே உட்கார வேண்டும். கொடுத்துவிட்டுப் போனால் நீங்கள் இலவசக் கடை. உட்கார்ந்தால் அவரே மூடியைக் கழற்றுவார், அறுந்த ஒயரைப் பார்ப்பார், அடுத்த முறை தூக்கி எறியுமுன் யோசிப்பார். கழற்றிய திருகுகளைப் போட ஆளுக்கொரு கிண்ணம் வையுங்கள். சரியாகாமல் போனதையும் நோட்டில் எழுதுங்கள், எந்தப் பொருள் எதனால் பழுதாகிறது என்பது சில மாதத்தில் தெரிந்துவிடும். மிக்ஸி, விளக்கு, இஸ்திரிப்பெட்டி, தையல் எல்லாம் எடுக்கலாம். மைக்ரோவேவ் மட்டும் வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டரில் ஆளைக் கொல்லும் மின்சாரம் தங்கியிருக்கலாம். பழகிய மெக்கானிக் தவிர வேறு யாரும் அதைத் திறக்கக் கூடாது.