அந்த ராத்திரி ஓமத் தண்ணீர் கொடுத்தது என் தப்பா?

குலசேகரம் பக்கம் எங்கள் ஊர். வீட்டுக்காரர் ரப்பர் பால் வெட்டப் போகிறவர், வயது 44. ஒரு ராத்திரி சாப்பிட்டதும் மேல்வயிறு வலிக்கிறது என்றார். வாயு என்று நினைத்து ஓமத் தண்ணீர் காய்ச்சிக் கொடுத்தேன். படுக்க முடியாமல், தலையணையை வயிற்றோடு அணைத்துக் குனிந்தபடியே விடியும்வரை உட்கார்ந்திருந்தார். காலையில்தான் ஆட்டோ பிடித்தோம். பித்தப்பைக் கல்லால் கணையம் வீங்கியிருக்கிறது என்றார்கள். மூன்றாம் நாள் மூச்சுக்குக் குழாய், அப்புறம் டயாலிசிஸ். குழாய் எடுத்ததும் என்னைப் பார்த்து, "அம்மா, பால் உறைஞ்சிரும், வாளியை எடு" என்றார். 26 நாள் கழித்து வீட்டுக்கு வந்துவிட்டார். இப்போது அவர் ஏப்பம் விட்டாலே எனக்குக் கை நடுங்குகிறது. குடித்துத்தான் இப்படி ஆச்சு என்று ஊரில் பேச்சு. அவர் குடிக்கவே மாட்டார். அன்றைக்கே கொண்டுபோயிருந்தால் இவ்வளவு வந்திருக்குமா?

அன்புச் சகோதரி,

கணைய நீர் குடலுக்குப் போன பிறகுதான் உணவைச் செரிக்க வேண்டும். பித்தப்பையிலிருந்து நழுவிய கல் அந்த வழியை அடைத்தால், அந்த நீர் கணையத்துக்குள்ளேயே வேலையைத் தொடங்கி, கணையத்தையே அரிக்கும். பெரும்பாலானவர்களுக்கு ஒரு வாரத்தில் தணிந்துவிடும். சிலருக்கு அழற்சி உடம்பு முழுக்கப் பரவுகிறது. ரத்தக் குழாய்களிலிருந்து நீர் வெளியே கசிந்து ரத்த அழுத்தம் இறங்கும்; ரத்தம் போதாமல் சிறுநீரகம் ஓய்ந்துபோகும்; நுரையீரலில் நீர் கோத்து மூச்சு முட்டும். இப்படி ஓர் உறுப்பு 48 மணி நேரத்துக்கு மேலும் செயலிழந்து கிடந்தால்தான் டாக்டர்கள் தீவிரம் என்பார்கள். உங்கள் வீட்டுக்காரருக்கு வந்தது அதுதான்.

சீக்கிரம் போய் டிரிப்ஸ் ஏற்றுவது நல்லதுதான், அதை மறைக்க மாட்டேன். ஆனால் வலி வந்த உடனே ஆஸ்பத்திரிக்குப் போனவர்களுக்கும் இது முற்றுவதுண்டு. அவருக்கும் மூச்சு முட்டியது ஆஸ்பத்திரியில் இருக்கும்போதுதானே? அந்த ஒரு ராத்திரி எதை மாற்றியிருக்கும் என்று எந்த டாக்டராலும் சொல்ல முடியாது. நீங்கள் மட்டும் தீர்ப்பு எழுதி வைத்திருக்கிறீர்கள். வாயு வலி என்று நினைத்துத்தான் பலரும் தாமதிக்கிறார்கள்.

உங்களை அம்மா என்று கூப்பிட்டது ஐ.சி.யு.வில் பலருக்கும் வரும் குழப்பம். மனசு பேதலித்துவிட்டதோ என்று பயப்பட வேண்டாம். ஊர்ப்பேச்சுக்குப் பதில் ஒன்றுதான்: குடி ஒரு காரணம், பித்தக்கல் இன்னொரு காரணம், இவருக்குக் கல். அந்தக் கல் இருக்கும்வரை மறுபடி வரலாம். பித்தப்பையை எப்போது எடுக்கலாம் என்று டாக்டரிடம் கேளுங்கள்.

ஏப்பத்துக்குக் கை நடுங்குவது, இன்னொரு தடவை ஏமாந்துவிடக் கூடாது என்று உங்கள் உடம்பு விழித்துக் காவல் இருப்பதால். அதற்கு ஒரு வேலை கொடுங்கள். விடாத மேல்வயிற்று வலி (முதுகுக்கும் பாயலாம்), விடாத வாந்தி, காய்ச்சல், கண் மஞ்சளாவது, இந்த நான்கையும் எழுதி அடுக்களைக் கதவில் ஒட்டுங்கள். இதில் ஒன்று வந்தால் அந்த நேரமே கிளம்புங்கள். வெறும் ஏப்பத்துக்குப் பதற வேண்டாம். தூக்கம் வராத ராத்திரிகளில் 14416-க்கு அழைத்துத் தமிழிலேயே பேசலாம். அரசின் டெலி மனஸ் சேவை அது, கட்டணம் கிடையாது.

ஒன்று கேட்கிறேன். அந்த ராத்திரியைப் பற்றி அவரிடம் பேசினீர்களா? கடிதத்தில் அது இல்லை. தலையணையைப் பிடித்துக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருந்தவர் அவர்தான். பக்கத்தில் நீங்கள் இருந்தது அவருக்கு எப்படி இருந்தது என்று கேளுங்கள்.