லாப்ரடார் குட்டிக்கு இன்னும் என்ன டானிக்?

கேள்வி: எங்கள் லாப்ரடார் குட்டிக்கு நான்கு மாதம். காலையில் பாக்கெட் உணவு, மதியமும் இரவும் பால் சோறு அல்லது தயிர் சாதம். கால்சியம் சிரப் இரண்டு வேளை ஊற்றுகிறோம். அப்படியும் முன்னங்கால் வெளிப்பக்கமாக வளைகிறது, முடி கொட்டுகிறது. வைட்டமின் டி குறைவாக இருக்கும், அம்மாவுக்கு எழுதித் தந்த மாத்திரையில் பாதி கொடு என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். கொடுக்கலாமா? வேறு என்ன டானிக் வாங்கலாம்? - வாசகர், திருவையாறு.

பதில்: அம்மாவின் மாத்திரையை முதலில் குட்டிக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். வாரம் ஒன்று போடச் சொல்லும் 60,000 யூனிட் வைட்டமின் டி என்றால், பத்துப் பன்னிரண்டு கிலோ குட்டிக்கு அது விஷம் மாதிரிதான். ரத்தத்தில் கால்சியம் ஏறி சிறுநீரகம் கெட்டுப்போகும். பாதி மாத்திரையும் வேண்டாம். ஏற்கெனவே கொடுத்திருந்தால் வாந்தி வரட்டும் என்று பார்த்துக்கொண்டிருக்காமல் இன்றே டாக்டரிடம் தூக்கிப் போங்கள்.

இப்போது கால்சியம். வளர்ந்த நாயின் குடல் தேவையானதை எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் தள்ளிவிடும். குட்டியின் குடலுக்கு ஆறு மாதம் வரை அந்தச் சாமர்த்தியம் போதாது. ஊற்றுவதில் பெரும்பங்கு உள்ளே போய்விடும். லாப்ரடார் மாதிரி வேகமாக எடை போடும் பெரிய இனங்களில், கால்சியம் மிஞ்சினால் குருத்தெலும்பு எலும்பாக மாறும் வேலையே குழம்பி, கால் கோணலாகும். ஆனால் உங்கள் குட்டிக்கு நேர் எதிர்ச் சிக்கலும் இருக்கலாம். சோற்றில் கால்சியம் மிகக் குறைவு, பாஸ்பரஸ்தான் அதிகம். நாய் உணவில் பாஸ்பரஸ் ஒரு பங்கு என்றால் கால்சியம் ஒன்றுக்குக் குறையவும் கூடாது, இரண்டைத் தாண்டவும் கூடாது. ஒரு வேளை சமச்சீர் உணவு, இரண்டு வேளை சோறு, மேலே அளவு தெரியாத சிரப் என்று போகும்போது கணக்கு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று வளைந்த காலைப் பார்த்துச் சொல்ல முடியாது. எக்ஸ்ரே வேண்டும். உங்கள் ஊர்ப் பக்கத்தில் வசதி இல்லை என்றால் ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரியில் கேட்டுப் பாருங்கள்.

அதுவரை சிரப்பை நிறுத்துங்கள். பெரிய இனக் குட்டிகளுக்கென்று வரும் பாக்கெட் உணவையே எல்லா வேளைக்கும் கொடுங்கள். ஒரே நாளில் மாற்றினால் வயிற்றால் போகும், ஒரு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள். குண்டாக்க வேண்டாம், எடை கூடினால் அந்தக் காலுக்குத்தான் பாரம். வீட்டில் டைல்ஸ் தரையா? வழுக்கி வழுக்கி நடந்தாலும் கால் விரியும். படுக்கும், ஓடும் இடத்தில் சாக்கு விரித்துவிடுங்கள்.

காலை வெயிலில் கட்டிப்போட்டால் வைட்டமின் டி கிடைக்கும் என்று நம்பிவிடாதீர்கள். மனிதர்களைப் போல நாயின் தோல் அதைப் போதிய அளவு தயாரிக்காது, சாப்பாட்டில்தான் வர வேண்டும். வைட்டமின் சி-யோ நாயின் ஈரலே தயாரித்துக்கொள்ளும், அதற்கென்று தனி மருந்து தேவையில்லை.

முடி கொட்டுவதற்கு டானிக்கைத் தேடும் முன் காது மடல், விரல் இடுக்கு, கழுத்துப் பட்டைக்கு அடியில் உண்ணி இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். திட்டுத் திட்டாகக் கொட்டினால் சொறியாகவோ பூஞ்சையாகவோ இருக்கலாம். ஐப்பசி, கார்த்திகையில் நம் பக்கம் தரை காயாமல் ஈரமாகவே கிடக்கும் நாட்களில் இதற்காகவே பலர் வருகிறார்கள். தோலைச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் தெரிந்துவிடும். ஈறு வெளுத்திருந்தால் கொக்கிப்புழுவோ உண்ணிக் காய்ச்சலோ ரத்தத்தைக் குடித்துக்கொண்டிருக்கும், இரும்புச்சத்து டானிக் மட்டும் அதை நிறுத்தாது. பூச்சி மருந்து ஆறு மாதம் வரை மாதாமாதம் கொடுக்க வேண்டும். கடைசியாக எப்போது கொடுத்தீர்கள் என்று எழுதவில்லையே?

தோல் அரிப்புக்கு மீன் எண்ணெய் சில நாய்களுக்கு உதவும். மீன் ஈரல் எண்ணெய் வேறு சரக்கு. அதில் ஏ, டி இரண்டும் அதிகம், அதை வாங்கிவிடாதீர்கள். கெண்டை கிடைத்தால் வேகவைத்து முள் எடுத்துக் கொடுங்கள். பச்சையாகக் கொடுத்தால் அதிலுள்ள ஒரு நொதி வைட்டமின் பி1-ஐச் சிதைத்துவிடும். வெங்காயமும் பூண்டும் போட்ட மீன் குழம்புச் சோறு கூடவே கூடாது.

சத்து மருந்து நிஜமாகவே வேண்டியது, முழுக்க வீட்டுச் சாப்பாட்டில் வளரும் நாய்களுக்கு. எலும்பில்லாத கோழியும் சோறும் மட்டும் தின்றால் கால்சியத்தோடு அயோடினும் துத்தநாகமும் குறையும். எடையையும் வயதையும் பார்த்து டாக்டர் கணக்குப் போட்டுத் தருவார். (சிப்பிப்பாறை இளைத்துவிட்டது என்று டானிக் கேட்டு வருகிறவர்களும் உண்டு. அதன் உடல்வாகே அப்படித்தான்.)

டாக்டரிடம் போகும்போது சிரப் பாட்டில், உணவுப் பாக்கெட், அன்று காலைக் கழிவில் கொஞ்சம் ஒரு டப்பாவில் எடுத்துப் போங்கள்.