லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர்? பழி பெட்ரோல் மேலா, வண்டி மேலா?

பைக் மைலேஜும் பெட்ரோலும் பற்றி வந்த கேள்விகளை இந்த முறை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

கேள்வி: என் 125 சிசி பைக் ஐந்து வருடமாக லிட்டருக்கு 50 கி.மீ. கொடுத்தது. 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் போட ஆரம்பித்த பிறகு 42தான் வருகிறது. எத்தனாலால் இவ்வளவு குறையுமா? மெக்கானிக்கைக் கேட்டால், "வண்டியில ஒண்ணும் இல்ல சார், எல்லாம் பெட்ரோல்தான்" என்று கை விரிக்கிறார்.

பதில்: எத்தனாலால் குறையும். ஆனால் 50 என்பது 42 ஆகாது. அந்த எட்டில் பாதிக்கு மேல் வேறு எங்கோ போகிறது.

கணக்கைப் பாருங்கள். ஒரு லிட்டர் சுத்த பெட்ரோலை எரித்தால் சுமார் 32 மெகாஜூல் வெப்பம் கிடைக்கும். ஒரு லிட்டர் எத்தனாலில் கிடைப்பது சுமார் 21தான். எத்தனால் மூலக்கூறுக்குள்ளேயே ஆக்சிஜன் உட்கார்ந்திருக்கிறது. எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அதுதான். பாதி எரிந்த விறகை வாங்கி அடுப்பில் வைப்பது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். எரிய வேண்டியதில் ஒரு பகுதி ஏற்கெனவே எரிந்துவிட்டது. ஆக, லிட்டருக்கு லிட்டர் பார்த்தால் மூன்றில் ஒரு பங்கு சத்து குறைவு. 10 சதவீதம் கலந்தால் மொத்தத்தில் 3 சதவீதத்துக்குச் சற்று மேல் குறையும். 20 சதவீதம் கலந்தால் ஏறக்குறைய 7 சதவீதம். உங்கள் 50, சுத்த பெட்ரோலில் எடுத்த அளவு என்றே வைத்துக்கொண்டாலும் 46.5க்கு வரலாம். அதற்கு முன்பே 10 சதவீதக் கலவையைத்தான் போட்டுக்கொண்டிருந்தீர்கள் என்றால் இறக்கம் இன்னும் சிறியது, ஒன்றரை, இரண்டு கிலோமீட்டர்.

இங்கே வண்டியின் வகையும் முக்கியம். ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும். அப்படியென்றால் எத்தனால் கூடக் கூட, அதே காற்றுக்கு எரிபொருள் கொஞ்சம் அதிகம் விட வேண்டும். ஆக்சிஜன் சென்சார் உள்ள ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வண்டி, புகையை முகர்ந்து பார்த்து இதைத் தானே சரிசெய்துகொள்ளும். கார்புரேட்டருக்கு மூக்கு கிடையாது. பெட்ரோலை விடும் ஜெட்டின் துளை எவ்வளவோ அவ்வளவுதான் போகும். அதனால் இன்ஜினுக்குள் போகும் கலவை லீன் ஆகிவிடும், அதாவது காற்று அதிகம், எரிபொருள் குறைவு: காலையில் சோக் இல்லாமல் கிளம்பாது, ஆக்சிலரேட்டரைத் திருகினால் ஒரு நொடி யோசித்துவிட்டு இழுக்கும், இன்ஜின் வழக்கத்தைவிடச் சூடாகும். வேடிக்கை என்னவென்றால், முன்பு ரிச்சாக, அதாவது எரிபொருள் கூடுதலாக வைத்து ஓட்டிய பழைய கார்புரேட்டர் வண்டிகளில் இந்த லீன் கொஞ்சம் நல்லதே செய்துவிடும். மைலேஜ் எதிர்பார்த்த அளவு இறங்காது. ஏற்கெனவே லீனாக இருந்த வண்டிதான் திணறும். அப்போது நாமும் அறியாமல் அதிகம் திருகுவோம், மைலேஜ் கணக்குக்கு மேல் விழும்.

சரி, உங்கள் மீதி நாலரை கிலோமீட்டர் எங்கே? வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் போட்டு, நியூட்ரலில் பின் சக்கரத்தைக் கையால் சுற்றிவிடுங்கள். சட்டென்று நின்றால் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது, இல்லையென்றால் செயின் காய்ந்தோ இறுகியோ கிடக்கிறது. முன் சக்கரத்தையும் தூக்கிச் சுற்றிப் பாருங்கள். டயர் காற்றை, வண்டி ஓடாமல் ஆறிக் கிடக்கும்போது பாருங்கள். ஏர் ஃபில்டர், பிளக், வால்வு இடைவெளி எல்லாம் ஐந்து வருட வண்டியில் கேட்க வேண்டிய கேள்விகளே. இவை எல்லாவற்றையும்விட வேகம். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 50இல் போவதற்கும் 70இல் போவதற்கும் அந்த எதிர்ப்பு கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. வேலைக்குப் போகும் வழி மாறி, இப்போது நெடுஞ்சாலையில் விரட்டுகிறீர்களா? எழுதவில்லையே நீங்கள்.

இன்னொன்று, அந்த 42ஐ எப்படி அளந்தீர்கள்? ஒரு தடவை டேங்கை நிரப்பி, 5 லிட்டர் தீர்ந்ததும் மறுபடி நிரப்பியிருந்தால், கழுத்தில் கால் லிட்டர் முன்பின் ஆனாலே கணக்கு 5 சதவீதம் தவறும். 10 சதவீத எத்தனால் செய்யும் வேலையைவிட அது பெரிது. ஒரே பங்க், ஒரே பம்ப், ஒரே ஸ்டாண்டில் நிற்கும் வண்டி, கழுத்தில் ஒரே மட்டம் என்று குறைந்தது மூன்று ஃபுல் டேங்க் பாருங்கள். மொத்தக் கிலோமீட்டரை மொத்த லிட்டரால் வகுங்கள். அதற்குப் பிறகும் 42 என்றால் மெக்கானிக்கை மாற்றுங்கள்.

கேள்வி: அதிக ஆக்டேன் பெட்ரோல் லிட்டருக்கு நிறையவே கூடுதல் விலை. ஆனால் "பிக்கப்பும் மைலேஜும் பிச்சுக்கும்" என்கிறார் பங்க்காரர். என் 100 சிசி வண்டிக்குப் போடலாமா?

பதில்: போடலாம், வண்டிக்கு ஒன்றும் ஆகாது. பர்ஸுக்குத்தான் ஆகும்.

ஆக்டேன் எண் பெட்ரோலின் பலம் அல்ல, பொறுமை. அழுத்தத்திலும் சூட்டிலும், பிளக் பொறியின் தீ வந்து சேரும் முன் தானாக வெடித்துவிடாமல் எவ்வளவு தாங்கும் என்பதன் அளவு. ஐசோ ஆக்டேன் என்ற சேர்மத்துக்கு 100, ஹெப்டேன் என்ற சேர்மத்துக்கு 0 என்று வைத்து, நடுவில் உங்கள் பெட்ரோல் எங்கே நிற்கிறது என்று சொல்வதே அந்த எண். அழுத்தம் அதிகமுள்ள இன்ஜினுக்கு அந்தப் பொறுமை தேவை. உங்கள் 100 சிசிக்கு எந்த அளவு போதும் என்று வண்டியோடு வந்த கையேட்டில் எழுதியிருக்கும். அதற்கு மேல் போடுவது, ஒரு மாடி வீட்டுக்கு லிஃப்ட் வைப்பது போலத்தான். சில கார்களிலும் பெரிய பைக்குகளிலும், இப்படித் தானாக வெடிப்பதை உணரும் நாக் சென்சார் இருக்கும். நல்ல ஆக்டேன் கிடைத்தால் பொறி தட்டும் நேரத்தை (இக்னிஷன் டைமிங்) முன்னே நகர்த்திக் கொஞ்சம் பயன் எடுத்துக்கொள்ளும். சின்ன பைக்குகளில் பெரும்பாலும் அந்த வசதி கிடையாது. நல்ல பெட்ரோல் வந்தது வண்டிக்குத் தெரியவே போவதில்லை.

இதில் ஒரு முரண் உண்டு. எத்தனாலின் ஆக்டேன் எண் 108 வாக்கில். ஆகவே எத்தனால் சேர்த்தே ஆக்டேனைக் கூட்டியிருந்தால், எண் ஏறும், லிட்டருக்குள் இருக்கும் சத்து இறங்கும்! மறுபக்கம், டொலுவீன் போன்ற அரோமாட்டிக் சேர்மங்களால் கூட்டியிருந்தால் சத்தும் ஏறும். ஒரு லிட்டர் டொலுவீனில் சுமார் 35 மெகாஜூல், ஐசோ ஆக்டேனில் 31க்குள். பம்பில் ஒட்டியிருக்கும் எண்ணை வைத்து இதில் எது என்று கண்டுபிடிக்க முடியாது. ஒரு காலத்தில் இந்த வேலைக்கு ஈயச் சேர்மத்தைக் கலந்தார்கள். 1921இல் அமெரிக்காவில் தாமஸ் மிட்ஜ்லி கண்டுபிடித்த வழி அது. வண்டிக்கு நல்லது, மூளைக்கு நஞ்சு. கடைசி நாடாக அல்ஜீரியா பங்க்குகளில் அதை நிறுத்தியது 2021இல். சரியாக நூறு வருடம்.

மாறாக, கையேடு சொல்வதைவிடக் குறைந்த ஆக்டேன் மட்டும் போடாதீர்கள். ஏற்றத்தில் பின்னால் ஆள் உட்கார, உயர்ந்த கியரில் இழுக்கும்போது உள்ளே கூழாங்கல் குலுக்குவது போல் டக டக என்று சத்தம் வந்தால், அதுதான் நாக்கிங். மிச்சம் பிடித்த காசு பிஸ்டனில் போய்விடும். எண்களை ஒப்பிடும்போது ஒன்று கவனியுங்கள்: எல்லா நாட்டிலும் ஒரே அளவுகோல் இல்லை. ஒரு நாட்டில் 91 என்று எழுதியிருப்பதே இன்னொரு நாட்டில் 87 என்று எழுதப்பட்டிருக்கும். இரண்டும் ஏறக்குறைய ஒரே பெட்ரோல்தான்.

கேள்வி: விடியற்காலையில் பெட்ரோல் போட்டால் குளிர்ச்சியில் அடர்த்தியாக இருக்கும், மைலேஜ் கூடும் என்கிறார்களே?

பதில்: பெட்ரோல் ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 0.1 சதவீதம் விரியும். அது உண்மை. ஆனால் அது கிடப்பது மண்ணுக்கடியில் உள்ள டேங்கில். வெளியே வெயிலானாலும் பனியானாலும் அங்கே ஒரே நாளில் பெரிதாக எதுவும் மாறாது. தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

கடும் குளிர்காலம் உள்ள நாடுகளில் வேறு கதை. அங்கே குளிரிலும் எளிதில் ஆவியாக வேண்டும் என்பதற்காகப் பியூட்டேனை அதிகம் சேர்த்துத் தனிக் கலவையாக விற்பார்கள். கோடைக் கலவையோடு பார்த்தால் அதில் லிட்டருக்கு ஒன்றரை முதல் 2 சதவீதம் சத்து குறைவு. அதோடு இன்ஜின் சூடாகவும் நேரம் ஆகும். மைலேஜ் இறங்கினால் வண்டியைத் திட்டாதீர்கள்.

கேள்வி: டேங்கில் ஊற்றினால் மைலேஜ் 20 சதவீதம் ஏறும் என்று ஒரு குப்பி விற்கிறார்கள். பெட்ரோல் குழாயில் மாட்டும் காந்தமும் வந்திருக்கிறது. வாங்கலாமா?

பதில்: வேண்டாம். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இப்படி நூற்றுக்கும் மேற்பட்ட சாதனங்களைப் பரிசீலித்திருக்கிறது. மைலேஜைக் குறிப்பிடும்படி கூட்டியது என்று ஒன்றுகூடத் தேறவில்லை. இன்ஜெக்டரில் படிந்த அழுக்கை எடுக்கும் கிளீனர் வேறு. அழுக்கு இருந்தால், இழந்ததை அது மீட்டுத் தரும். புதிதாகச் சத்தைக் கொண்டுவந்து ஊற்றாது.

கேள்வி: வெளியூர் போய் நாலு மாதம் கழித்து வந்தேன். பாதி டேங்க் பெட்ரோலோடு நின்ற பைக் உதறி உதறிக் கிளம்புகிறது, மைலேஜும் பாதாளத்தில். பெட்ரோல் கெட்டுப்போகுமா?

பதில்: கெடும். எனக்கே நடந்தது. ஒரு மழைக்காலம் முழுக்க வண்டியை மூடிவைத்துவிட்டு வந்து, பேட்டரியைக் குறை சொல்லி, பிளக்கை மாற்றி, கடைசியில் கார்புரேட்டர் கிண்ணத்தைக் கழற்றினால் உள்ளே பச்சை பச்சையாகப் பிசின். ஜெட் துளையில் மெல்லிய கம்பிகூட நுழையவில்லை.

இரண்டு விஷயம் நடக்கிறது. பெட்ரோல் என்பது ஒரே பொருள் அல்ல. ஏறக்குறைய 30 டிகிரியிலிருந்து 200க்கும் மேல் வரை, வெவ்வேறு சூட்டில் கொதிக்கும் பல பொருள்களின் கூட்டு. நிற்கும் வண்டியில் லேசானவை முதலில் பறந்துவிடும். கிளம்புவதற்குத் தேவையானவையே அவைதான். அடுத்தது, எத்தனால் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். பாதி டேங்க் காலியாக இருந்தால் அங்கே ஈரக் காற்றுக்குத் தாராளமாக இடம். 10 சதவீதக் கலவையில் அரை சதவீதம் அளவு தண்ணீர் சேர்ந்தால் போதும், எத்தனால் பெட்ரோலை விட்டுத் தண்ணீரோடு போய் அடியில் தனிப் படலமாகத் தங்கிவிடும். குழாய் பெட்ரோலை எடுப்பது அடியிலிருந்துதானே? இன்ஜினுக்கு முதலில் போவது தண்ணீரும் சாராயமும். மேலே மிஞ்சும் பெட்ரோலுக்கோ, எத்தனால் போனதால் ஆக்டேனும் குறைந்திருக்கும்.

கொஞ்சம் பெட்ரோலைத் தெளிந்த கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து வையுங்கள். அடியில் கோடு தெரிந்தால் முழுவதையும் இறக்கிவிடுங்கள்; புதுப் பெட்ரோலை மேலே ஊற்றிச் சமாளிக்கப் பார்க்காதீர்கள். கோடு இல்லையென்றால் புதுசு நிரப்பி ஓட்டித் தீர்க்கலாம். அடுத்த முறை போகும்போது டேங்கைக் கழுத்துவரை நிரப்புங்கள். கார்புரேட்டர் வண்டி என்றால் பெட்ரோல் குழாயை மூடி, கிண்ணத்தில் இருப்பதை வடித்துவிடுங்கள். ரொம்பப் பழைய வண்டி என்றால் ரப்பர் குழாயையும் பாருங்கள், எத்தனாலில் அது ஊறி விரிசல் விடும்.

கேள்வி: 85 சதவீதம் எத்தனால் உள்ள எரிபொருள் விலை குறைவு. அதிலும் ஓடும் ஃப்ளெக்ஸ் ஃப்யூயல் பைக் வாங்கினால் லாபமா?

பதில்: லிட்டர் விலையைப் பார்க்காதீர்கள், கிலோமீட்டர் விலையைப் பாருங்கள். விலையை மைலேஜால் வகுத்தால் வந்துவிடும். இந்த 85 சதவீத எரிபொருளில் (இ85) மைலேஜ் கால் பங்குக்குச் சற்று மேல் குறையும் என்று வைத்துக்கொள்ளலாம். ஆகவே பெட்ரோல் விலை 100 என்றால், அது 70க்குக் கீழே இருந்தால் தைரியமாகப் போடலாம். 75க்கு மேல் என்றால் விட்டுவிடலாம். பிரேசில்காரர்கள் பங்க்கில் நின்றபடியே மனக்கணக்காகப் போடுவதும் இந்த 70 சதவீதக் கணக்குதான். ஹோண்டா தன் முதல் ஃப்ளெக்ஸ் பைக்கான சிஜி 150 டைட்டன் மிக்ஸை 2009இல் அங்கேதான் இறக்கியது. காசோடு தூரத்தையும் எண்ணிக்கொள்ளுங்கள்: ஒரு டேங்கில் 500 கி.மீ. போன வண்டி 370இல் ரிசர்வ் கேட்கும். நீண்ட பயணக்காரருக்கு அது எரிச்சல். சாதாரண பைக்கில் இதை ஊற்றிப் பார்க்கும் ஆசை மட்டும் வேண்டாம். இன்ஜெக்டரும் ஜெட்டும் அவ்வளவு எரிபொருளை விடவே விடாது.

கேள்வி: நான் வாங்கும் பெட்ரோலில் எவ்வளவு எத்தனால் இருக்கிறது என்று வீட்டிலேயே பார்க்க முடியுமா?

பதில்: தோராயமாக முடியும். 100 மில்லி கண்ணாடி அளவுக்குழாயில் 10 மில்லி தண்ணீர், அதன் மேல் 90 மில்லி பெட்ரோல். மூடிக் குலுக்கி, மூடியைத் திறந்து ஆவியை விட்டு, பத்து நிமிடம் ஆடாமல் வையுங்கள். எத்தனால் தண்ணீரோடு கீழே போய்விடும். கீழ்ப்படலம் 10லிருந்து 19 வாக்கில் ஏறியிருந்தால் எத்தனால் சுமார் 10 சதவீதம். 28 வாக்கில் என்றால் 20 சதவீதம். ஒன்றிரண்டு மில்லி முன்பின் இருக்கும், அதைக் கையில் வைத்துக்கொண்டு பங்க்காரரிடம் சண்டைக்குப் போக முடியாது. திறந்த வெளியில் செய்யுங்கள், பக்கத்தில் தீயோ சிகரெட்டோ கூடாது. முடிந்ததும், வீணாகிறதே என்று மேலே நிற்பதை மட்டும் டேங்கில் திருப்பி ஊற்றிவிடாதீர்கள்.