18 வயசாச்சு, வார்டு மாறணும்: தலசீமியா கேள்வி – பதில்

(ரத்தநோய்ப் பிரிவு மருத்துவர்களும் செவிலியர்களும் பதில் தருகிறார்கள்)

என் மகனுக்கு தலசீமியா மேஜர் (உடம்பில் ஹீமோகுளோபின் சரியாக உருவாகாத பரம்பரை ரத்தநோய்). கைக்குழந்தையிலிருந்தே குழந்தைகள் வார்டில் மூன்று வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்றுகிறோம். இப்போது 17 வயது. ‘அடுத்த வருஷம் பெரியவர்கள் பிரிவுக்குப் போய்விடுங்கள்’ என்கிறார்கள். புது இடத்துக்கு என்னென்ன கொண்டுபோக வேண்டும்?
– வாசகி, தருமபுரி

முழு ஃபைலும் கையில் இருக்கட்டும். ஆனால் புது டாக்டர் அதைப் புரட்டிப் படிக்கப் போவதில்லை. இப்போதைய டாக்டரிடம் ஒரே பக்கத்தில் சுருக்கம் எழுதி வாங்குங்கள். அதில் முதல் வரியாக இருக்க வேண்டியது ரத்த வகையும் ஆன்டிபாடி விவரமும். ஏ, பி, ஓ மட்டுமல்ல, ஆர்.ஹெச்., கெல் என்ற உபவகைகளும் சேர்த்துத்தான்.

காரணம் உண்டு. அடிக்கடி ரத்தம் ஏற்றுபவர்களில் சிலருக்கு அடுத்தவர் சிவப்பணுவுக்கு எதிராக ஆன்டிபாடி (அதைத் தாக்கும் எதிர்ப்புப் புரதம்) உருவாகிவிடும். வருடங்கள் போகப்போக அதன் அளவு குறைந்து, புது ரத்த வங்கியின் பரிசோதனையில் ‘இல்லை’ என்றே வரலாம். அதை நம்பிப் பொருந்தாத ரத்தத்தை ஏற்றினால் சில நாள் கழித்து, சில சமயம் இரண்டு வாரம் வரைகூட ஆகி, கண் மஞ்சளாகும், சிறுநீர் கறுத்துப் போகும், ஹீமோகுளோபின் சரியும். அதற்குள் நீங்கள் ஊர் திரும்பியிருப்பீர்கள். பழைய சீட்டில் இருக்கும் ஒரு வரி இதைத் தடுத்துவிடும்.

அடுத்தது ஹீமோகுளோபின் அளவு. பொது வார்டில் மற்ற நோயாளிகளுக்கு 7க்குக் கீழே போனால்தான் ரத்தம் என்ற வழக்கம். டியூட்டி டாக்டர் ‘8 இருக்கே, அடுத்த வாரம் வாங்க’ என்று சொல்லக்கூடும். தலசீமியாவுக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது. ஏற்றுவதற்கு முன் 9.5 முதல் 10.5 இருக்க வேண்டும். அதற்குக் கீழேயே ஓட்டினால் எலும்பு மஜ்ஜை வீங்கி எலும்பு மெலியும், மண்ணீரல் பெரிதாகும். இந்த இலக்கையும் அந்தப் பக்கத்தில் டாக்டர் கைப்பட எழுதியிருக்கட்டும். சண்டை போடுவதைவிட சீட்டைக் காட்டுவது சுலபம். கிராஸ் மேட்ச் (ரத்தப் பொருத்தம் பார்க்கும்) சாம்பிளை எத்தனை நாள் முன்பு கொடுக்க வேண்டும், டே கேர் படுக்கை உண்டா என்பதையும் போவதற்கு முன்பே விசாரித்துவிடுங்கள்.

மூன்றாவது விஷயம், இரும்பை வெளியேற்றும் மாத்திரை. ஒரு யூனிட் ரத்தத்தோடு சுமார் 200 மில்லிகிராம் இரும்பு உள்ளே போகிறது. அதை வெளியேற்ற உடம்புக்குத் தனி வழி கிடையாது. பையன் 30 கிலோ இருந்தபோது எழுதிய டோஸே 48 கிலோவிலும் ஓடிக்கொண்டிருப்பதை நிறையப் பார்க்கிறோம். இந்த மாத்திரைகளில் ஒன்றான, கரைத்துக் குடிக்கும் டெஃபராசிராக்ஸ் கிலோவுக்கு 30 மில்லிகிராம் என்றால், 48 கிலோவுக்கு 1,440. முழு மாத்திரைக் கணக்கில் சுமார் 500 மில்லிகிராம் மாத்திரை மூன்று. அப்படியே விழுங்கும் வகைக்கு அளவு இதைவிடக் குறைவு, கிலோவுக்குச் சுமார் 21தான். கடைக்காரர் வகையை மாற்றிக் கொடுத்தால் பழைய எண்ணிக்கையிலேயே போடாதீர்கள், டாக்டரிடம் கேளுங்கள்.

இந்த வயதில் மாத்திரையை விடுவதுதான் பெரிய ஆபத்து. விட்டால் அன்றைக்கு ஒன்றும் தெரியாது, இரும்பு சத்தமில்லாமல் இதயத்தில் சேரும். ஃபெரிட்டின் (இரும்புச் சேமிப்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) சுமாராக இருந்தும் இதயத்தில் இரும்பு ஏறியிருக்கலாம். அதைக் கண்டுபிடிக்கத்தான் இதயத்துக்கான டி2 ஸ்டார் எம்.ஆர்.ஐ. ஸ்கேன். அதில் 20 மில்லி செகண்டுக்குக் கீழே என்றால் இரும்பு படிந்திருக்கிறது, 10க்குக் கீழே என்றால் அவசரம். மாறுவதற்கு முன் ஒன்று எடுத்துவிடுங்கள்.

அம்மாவுக்கு ஒரு வேலை: இனி டாக்டர் அறைக்குள் மகன் முதலில் தனியாகப் போகட்டும். தன் டோஸையும் கடைசி ஹீமோகுளோபினையும் அவனே சொல்லட்டும். நீங்கள் பிறகு உள்ளே போகலாம்.

கோவையில் ஹாஸ்டலில் படிக்கிறேன், 19 வயது. இரும்பை வெளியேற்றும் டெஃபெரிப்ரோன் மாத்திரை போடுகிறேன். காய்ச்சல் வந்தால் பாராசிட்டமாலோடு இதையும் தொடரலாமா?
– வாசகர், கோவை

கூடாது, தம்பி. காய்ச்சலோ தொண்டை வலியோ வந்த அன்றே டெஃபெரிப்ரோனை நிறுத்திவிட்டு, அன்றே ரத்தத்தில் நியூட்ரோஃபில் (கிருமியை எதிர்க்கும் ஒரு வகை வெள்ளையணு) எண்ணிக்கை பாருங்கள். இந்த மருந்து சிலருக்கு வெள்ளையணுவை அடியோடு குறைத்துவிடும். நியூட்ரோஃபில் 500க்குக் கீழே போனால் உடனே ஆஸ்பத்திரியில் சேர வேண்டும். மண்ணீரல் எடுத்தவர் என்றால் ரிப்போர்ட்டுக்குக்கூடக் காத்திருக்க வேண்டாம், நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள். வார்டனிடமும் அறை நண்பரிடமும் இதைச் சொல்லி வையுங்கள். சிறுநீர் சிவந்து போவது இந்த மாத்திரையால் வருவதாக இருந்தால் பயமில்லை. ரத்தம் ஏற்றிய பிறகு காபி நிறத்தில் போனால் அது வேறு, டாக்டரைப் பாருங்கள்.

புது டாக்டர் எச்.பி.ஏ.1.சி. பார்த்துவிட்டு ‘சுகர் இல்லை’ என்கிறார். நம்பலாமா?
– வாசகி, சேலம்

நம்ப முடியாது. அந்தப் பரிசோதனை சிவப்பணுவில் ஒட்டிய சர்க்கரையைப் பார்க்கிறது. உங்கள் உடம்பில் ஓடுவதில் பாதிக்கு மேல் கொடையாளிகளின் சிவப்பணு! வெறும் வயிற்றிலும், குளுக்கோஸ் 75 கிராம் குடித்து 2 மணி நேரம் கழித்தும் பார்க்கச் சொல்லுங்கள். வருடம் ஒருமுறை தைராய்டு, கால்சியம், வைட்டமின் டி, கண், காது பரிசோதனையும் சேரட்டும்.

18 முடிந்துவிட்டால் சலுகைகள் போய்விடுமா?
– வாசகர், கிருஷ்ணகிரி

18 வயது வரை மட்டும் என்று இருக்கும் குழந்தைகள் நலத் திட்டங்கள் நின்றுவிடும். ஆனால் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் தலசீமியா, ஹீமோபிலியா, சிக்கிள் செல் மூன்றும் இருக்கின்றன, அதற்கு வயது வரம்பு இல்லை. யு.டி.ஐ.டி. (மாற்றுத்திறனாளி அடையாள) அட்டைக்கு ஆன்லைனில் விண்ணப்பித்து அரசு மருத்துவமனையில் சான்று பெறுங்கள். முதன்முதலாக ரத்தம் ஏற்றுவதற்கு முன் எடுத்த எச்.பி.எல்.சி. (ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துக் காட்டும் பரிசோதனை) ரிப்போர்ட்டைத் தேடி எடுத்துக்கொள்ளுங்கள். இப்போது புதிதாக எடுத்தால் கொடையாளியின் ரத்தமும் கலந்து முடிவு குழம்பும். அது தொலைந்துவிட்டதா? அப்பா, அம்மா இருவரும் எச்.பி.எல்.சி. எடுத்து அந்த ரிப்போர்ட்டுகளை டாக்டரிடம் காட்டுங்கள். ஜீன் பரிசோதனை தேவையா என்பதை அவர் சொல்வார்.