ஃபோனிக்ஸ் படித்தால் பார்சல் முகவரி வாசிக்க வருமா?

கேள்வி: எனக்கு வயது 43. தமிழ் சரளமாக வாசிப்பேன். ஏ, பி, சி, டி தெரியும். சேர்த்து வாசிக்க வராது. மார்த்தாண்டத்தில் ஒரு கடையில் பார்சல் அனுப்பும் வேலை. முகவரி வாசிக்க ஆள் தேட வேண்டியிருக்கிறது. 30 நாள் ஃபோனிக்ஸ் வகுப்பு, 9,500 ரூபாய் என்கிறார்கள். சேரலாமா?

பதில்: பணத்தைக் கட்டிவிடாதீர்கள். ஃபோனிக்ஸ், அதாவது எழுத்தின் ஒலிகளைக் கூட்டி வாசிப்பது, நல்ல முறைதான். விற்கிற விதம் சரியில்லை.

உங்களுக்குத் தெரிந்தது எழுத்தின் பெயர், தெரியாதது அதன் ஒலி. பி, ஐ, என் என்று நூறு முறை சொன்னாலும் ‘பின்’ வராது. ப், இ, ன் என்று சொல்லுங்கள். ப்+இ=பி; பக்கத்தில் ன். உயிர்மெய் கூட்டத் தெரிந்தவருக்கு இதில் புதிதாக ஒன்றுமில்லை. இதைச் சொல்லித்தராமல் ஸ்பெல்லிங்கை உருப்போட வைத்தே எட்டாம் வகுப்புவரை தள்ளிவிடுகிறார்கள்!

முதலில் ஆறு எழுத்து போதும்: எஸ், ஏ, ஐ, என், டின்னில் வரும் டி, பின்னில் வரும் பி. தினம் 20 நிமிடம், இரண்டு நாளுக்கு ஓர் ஒலி. டின், பின், டிப், பேண்ட் என்று உங்கள் வாயில் புழங்கும் சொற்களையே இந்த ஆறில் எழுதிவிடலாம். மெய்யொலியில் புள்ளி விழ வேண்டும். ‘பு’ என்று தொடங்கினால் ‘புஇன்’ என்று இழுக்கும். கடைசியில் உகரம் ஒட்டினால் ‘பின்னு’ ஆகிவிடும்.

பஸ்ஸில் வருவது வேறு பி. ‘பாம்பு’ என்று மெதுவாகச் சொல்லிப் பாருங்கள்: முதல் பா பின்னுடையது, கடைசி பு பஸ்ஸுடையது. மலையாள எழுத்து தெரிந்தவர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை, அதில் இரண்டுக்கும் தனி எழுத்து.

இனி உங்கள் முகவரி. பல ஊர்ப்பெயர்களுக்கு ஃபோனிக்ஸ் உதவாது. நாகர்கோவிலின் இங்கிலீஷ் ஸ்பெல்லிங்கில் கடைசி நாலு எழுத்தைப் பாருங்கள்: சி, ஓ, ஐ, எல். கொசுவத்தி காயில் உறையிலும் அதே நாலுதான். நடுவில் ஜி-க்குப் பின் இ என்ற இங்கிலீஷ் எழுத்து வருவதால் அது பெரும்பாலும் ‘ஜ’ ஒலிக்கும். விதிப்படி வாசித்தால் ‘நாஜர்காயில்’! தப்பு உங்களுடையதல்ல, அந்த ஸ்பெல்லிங் ஃபோனிக்ஸ் பார்த்து எழுதப்பட்டதல்ல. அடிக்கடி வரும் 40 ஊர்களை அட்டையில் எழுதி, படம்போல முழுதாகவே பழகுங்கள். கூடவே பின்கோடு: 629001 நாகர்கோவில், 629165 மார்த்தாண்டம், 629175 தக்கலை. சந்தேகம் வந்தால் எண்ணை நம்புங்கள்.

இதை எந்த வகுப்பும் சொல்லாது. ஏனென்றால் பெரும்பாலும் எல்.கே.ஜி. பிள்ளைகளின் பாடப் புத்தகங்களையே அட்டை மாற்றித் தருவார்கள். சேர்த்துவிடுகிறவருக்குக் கமிஷன், உங்களுக்கு ஒட்டகச்சிவிங்கிப் படமும் ஒரு சான்றிதழும். அந்தச் சான்றிதழை எந்தக் கடைக்காரர் கேட்கப்போகிறார்? அரசின் எழுத்தறிவுத் திட்டத்துக்குப் போனால், உங்களுக்குத் தெரிந்த அ, ஆ-விலிருந்து தொடங்குவார்கள்.

சேர்ந்தே தீருவதென்றால், பணம் கட்டுமுன் ஒரு வகுப்பில் உட்கார்ந்து கேளுங்கள். சொல்லித்தருபவர் ‘ப்’ என்று நிறுத்தாமல் ‘பஹ்’ என்று நீட்டினால் எழுந்து வந்துவிடுங்கள்.