மூன்று கிழமைச் சான்றிதழுக்குக் காசு கட்டலாமா?

கேள்வி: நாங்கள் திருகோணமலை உப்புவெளியில் இருக்கிறோம். மகள் தரம் 7. பாடசாலையில் அழகியல் பாடமாக நடனம் எடுத்திருக்கிறாள். மகன் தரம் 4, எந்நேரமும் ஏதாவது கீறிக்கொண்டே இருப்பான். ஓகஸ்ட் விடுமுறையில் நகரத்தில் 'கோடைகாலக் கலை முகாம்' ஒன்று மூன்று கிழமைக்கு நடக்கிறது. ஒரு பிள்ளைக்கு 28,000 ரூபாய். நடன உடுப்பு, நகை, சதங்கைக்குத் தனியாக 15,000. முடிவில் டிப்ளோமா சான்றிதழ் தருவார்களாம், அது பிற்காலத்தில் பல்கலைக்கழகம் போக உதவுமாம். ஒரு பெரிய கோயில் மேடையில் ஆடவும் இடம் எடுத்துத் தருவதாகச் சொல்கிறார்கள். ஆள் சேர்ப்பவர் எங்களுக்குத் தெரிந்த அண்ணாதான். வெள்ளிக்கிழமைக்குள் கட்டினால் 5,000 குறைவு என்கிறார். கட்டலாமா?

பதில்: தங்கச்சி, வெள்ளிக்கிழமை காசு கட்ட வேண்டாம். காரணத்தை ஆறுதலாகச் சொல்கிறேன். நான் 31 வருடம் நடனம் படிப்பித்தவள். கடைசி ஒன்பது வருடம் சேவைக்கால ஆலோசகராகப் பாடசாலை பாடசாலையாகத் திரிந்தவள். இந்தக் கேள்வி ஒவ்வொரு வருடமும் ஜூலையில் என் வாசலுக்கு வருகிறது. பெரும்பாலும் காசு கட்டிய பிறகுதான் வருகிறது. நீங்கள் முதலே கேட்டது நல்லதாய்ப் போயிற்று.

முதலில் சான்றிதழ். நடனமோ சங்கீதமோ படிக்கப் பல்கலைக்கழகம் போகிற பிள்ளை உயர்தரப் பரீட்சைப் பெறுபேற்றாலும், நிறுவனம் வைக்கும் உளச்சார்புப் பரீட்சையாலும்தான் உள்ளே போகிறது. மட்டக்களப்பில் இருக்கிற சுவாமி விபுலாநந்தா அழகியல் கற்கைகள் நிறுவகத்துக்கும் வழி அதுதான். அங்கே பிள்ளையை முன்னால் நிறுத்தி ஆடிக் காட்டச் சொல்வார்கள். அரைமண்டியில், அதாவது முழங்காலை இரண்டு பக்கமும் மடித்துப் பாதி இருந்த நிலையில், முழங்கால் வெளிப்பக்கம் திறக்கிறதா, முன்னுக்குச் சரிகிறதா என்று பார்ப்பார்கள். தரம் 7இல் மூன்று கிழமை படித்து வாங்கிய தாளை அங்கே யாரும் கையில் எடுத்துக்கூடப் பார்க்க மாட்டார்கள். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு டிப்ளோமா என்று ஒருவர் சொன்னால், அந்தச் சொல்லே அவரைப் பற்றி உங்களுக்குப் போதுமானதைச் சொல்லிவிட்டது.

"நாங்கள் பதிவு செய்யப்பட்ட நிறுவனம்" என்று ஒரு சட்டம் போட்ட தாளைச் சுவரில் காட்டுவார்கள். கிட்டப் போய் வாசியுங்கள். பெரும்பாலும் அது வியாபாரப் பெயர்ப் பதிவாக இருக்கும். பலசரக்குக் கடைக்கும் சலூனுக்கும் கொடுக்கிற அதே பதிவு. இந்தப் பெயரில் இன்னார் தொழில் செய்கிறார் என்பதற்கு மட்டும்தான் அது சாட்சி. உள்ளே சொல்லிக் கொடுக்கிறவருக்கு ஆடத் தெரியுமா என்று அதில் எழுதியிராது. அரச இலச்சினை இருப்பதால் சனம் பயபக்தியோடு பார்த்துவிட்டுக் காசை எடுக்கிறது. எனக்கு மிகவும் வயிறெரிகிற இடம் இது.

சரி, மூன்று கிழமையில் ஒரு பிள்ளை எதைத்தான் படிக்கலாம்? ஒழுங்கான ஆசிரியை என்றால், காலைத் தட்டிப் பழகுகிற முதல் பாடமான தட்டடவையே படிப்பிப்பார். கேட்க ஏமாற்றமாக இருக்கும். ஆனால் அதற்குள் நிறைய இருக்கிறது. அரைமண்டியில் இருந்து, முதுகை நேராக வைத்து, 'தெய்யா தெய்' என்ற சொல்லுக்குப் பாதம் முழுவதும் ஒரே சத்தமாக நிலத்தில் விழ வேண்டும். முதலாம் காலத்தில், அதாவது மெதுவான வேகத்தில், எல்லாப் பிள்ளைகளும் சரியாகச் செய்வது போலத்தான் தெரியும். இரண்டாம் காலத்தில் தோள் ஏறும். மூன்றாம் காலத்தில் இடுப்பு எழும்பி, முழங்கால் மூடி, குதிக்கால் முதலில் விழும். அந்தப் பிழையைக் கண்டு, நிறுத்தி, திரும்பச் செய்ய வைப்பதுதான் படிப்பித்தல். மூன்று கிழமை அதற்கே போதாது.

முகாமில் அதைச் செய்ய மாட்டார்கள். செய்யவும் முடியாது. கடைசி நாள் பெற்றோர் முன்னால் மேடை நிகழ்ச்சி வைத்தாக வேண்டும். அதனால் முதல் நாளே ஒலிப்பதிவுப் பாட்டைப் போட்டுக் கையைக் காலை ஆட்டப் பழக்குவார்கள். பிள்ளைக்கும் சந்தோசம், அம்மாவுக்கும் வீடியோ கிடைக்கும். பிறகு அந்தப் பிள்ளை என்னைப் போன்ற ஒருத்தியிடம் வந்தால், பழகிய பிழையை எடுக்க ஆறு மாதம் போகும். என்னிடம் அப்படி வந்த ஒரு பிள்ளை, நான் அரைமண்டி இருக்கச் சொன்ன ஒவ்வொரு தடவையும் கண்ணால் கண்ணாடியைத் தேடியது. மேடைக்குச் சிரிக்கப் பழக்கியிருந்தார்கள். காலைப் பற்றி ஒருவரும் ஒரு சொல் சொல்லவில்லை.

இடத்தையும் நேரத்தையும் பாருங்கள். நம் ஊரில் ஆனியிலிருந்து ஆவணி முடியக் கச்சான் காற்று அடிக்கிறது. மழையை மேற்குப் பக்கமும் மலைநாடும் எடுத்துக்கொள்ள, மலை தாண்டி நம்மிடம் வருவது காய்ந்த சூடு மட்டும்தான். தகரக் கூரை, சீமெந்து நிலம், பகல் பதினொரு மணி என்றால் அது பிள்ளைக்கு வதை. காலை ஆறரைக்குத் தொடங்கி ஒன்பதுக்கு முன் முடிக்கிற வகுப்பு வேண்டும், இல்லாவிட்டால் பின்னேரம். பெற்றோர் வாசலில் இருந்து பார்க்க விடாத வகுப்புக்குப் பெண்பிள்ளையை அனுப்பவே வேண்டாம்.

உடுப்புக்கு 15,000 என்பது தனிக் கொள்ளை. தொடக்கநிலைப் பிள்ளைக்கு ஒரு பழைய பருத்திச் சுரிதாரும் இடுப்பில் இறுக்கிக் கட்ட ஒரு சால்வையும் போதும். சதங்கை இப்போது தேவையே இல்லை. காலடி சுத்தமாக விழப் பழகாத பிள்ளைக்குச் சதங்கை கட்டினால், மணிச் சத்தம் பிழையை மூடிவிடும், ஆசிரியைக்கே கேட்காது. தைத்த உடுப்போ அடுத்த வருடம் அளவில்லாமல் போகும்.

கோயில் மேடை விசயமும் அப்படித்தான். கோயிலில் ஆட விரும்பினால், குருவின் கையெழுத்தோடு ஒரு கடிதம் எழுதி நேரே பரிபாலன சபையிடம் கொடுப்பதுதான் முறை. இடையில் ஒருவர் தேவையில்லை. கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் ஓகஸ்டில் சனம் வந்து இறங்கும்போதுதான் இந்த 'எடுத்துத் தருகிறேன்' ஆட்கள் முளைக்கிறார்கள். டொலரில் யோசித்து விலை சொல்கிறார்கள். அதே விலை பிறகு உப்புவெளிக்கும் பாலையூற்றுக்கும் வந்துவிடுகிறது.

அந்த அண்ணா தெரிந்தவர் என்று எழுதியிருக்கிறீர்கள். தெரிந்தவராக இருப்பதால்தான் அவரை அனுப்புகிறார்கள், தங்கச்சி. சேர்க்கிற தலைக்கு இவ்வளவு என்று கொடுக்கும் வழக்கம் இந்த முகாம்களில் உண்டு. அவரைக் கோபிக்க வேண்டாம், உறவும் கெட வேண்டாம். இரண்டே கேள்வி கேளுங்கள். படிப்பிக்கிற ஆசிரியையின் பெயர் என்ன, அவர் யாரிடம் படித்தவர்? செப்டெம்பரிலும் அவர் திருகோணமலையில் வகுப்பு வைப்பாரா? இரண்டாவது கேள்விக்கு நேரான மறுமொழி வராவிட்டால் விட்டுவிடுங்கள். நடனம் குருவோடு இருந்து படிக்கிற கலை. விடுமுறை முடிய கூடாரத்தைக் கழற்றிக்கொண்டு போகிறவரிடம் படிக்க முடியாது. 5,000 குறைவு என்கிற அவசரமும் உங்களை யோசிக்க விடாமல் பண்ணத்தான்.

பெறுமதியான சான்றிதழ்தான் வேண்டும் என்றால் வட இலங்கைச் சங்கீத சபையின் தரப் பரீட்சைகள் இருக்கின்றன. முதலாம் தரத்திலிருந்து படிப்படியாக ஏற வேண்டும், அறிமுறையும் செயன்முறையும் உண்டு, ஆசிரியர் தரம் முடித்தவர்களைத்தான் கலாவித்தகர் என்கிறோம். அதற்கு வருடக்கணக்காகும். நல்ல தனியார் ஆசிரியை ஒருவரிடம் மாதக் கட்டணத்துக்கு விட்டால், அவரே பிள்ளையை அந்தப் பரீட்சைக்கு அனுப்புவார். கட்டும் காசுக்கு மாதாமாதம் பற்றுச்சீட்டு வாங்குங்கள்.

பாடசாலைப் பிள்ளை கையில் இருக்க வேண்டிய சான்றிதழ் இன்னொன்றும் உண்டு. இதைக் கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெற்றோர் பலர் கவனிப்பதில்லை. தமிழ்மொழித் தினப் போட்டி. பாடசாலையில் தொடங்கி, கோட்டம், வலயம், மாகாணம் என்று ஏறி அகில இலங்கை மட்டம் வரை போகும். தனி நடனம், குழு நடனம், நாட்டிய நாடகம், பாவோதல், நாட்டார் பாடல், வில்லுப்பாட்டு, நாட்டுக்கூத்து என்று பல நிகழ்ச்சிகள். இதில் பங்குபற்ற ஒரு சதமும் கட்டத் தேவையில்லை. பிற்காலத்தில் கல்வியியற் கல்லூரி நேர்முகம் போன்ற இடங்களில் இணைபாடவிதானம் என்று கேட்கும்போது எடுத்துக் காட்டக்கூடிய தாள் இதுதான். வலய மட்டத்தில் இரண்டாம் இடம் என்றாலும் முகாம் டிப்ளோமா பத்தைவிட அது பெரிது. ஆனால் ஒரு சிக்கல்: குழு நிகழ்ச்சியில் ஒவ்வொரு பிள்ளையின் பெயரும் பெயர்ப்பட்டியலில் சரியாகப் போயிருக்க வேண்டும். தலைப்பெழுத்து மாறினால், பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயரும் இதில் ஒரு பெயருமாகி, பத்து வருடம் கழித்து அலைய வேண்டி வரும். பெயர் அனுப்புகிற அன்றே வகுப்பாசிரியரிடம் கேட்டுப் பாருங்கள். இன்னொரு சிக்கல், சான்றிதழ் வந்து பாடசாலை அலுமாரியில் கிடக்கும், பிள்ளைக்குக் கொடுக்க மறந்துவிடுவார்கள். சாதாரண தரம் எழுதி விலகிப் போன பிள்ளைகளின் சான்றிதழ்களை ஒரு பாடசாலையில் நான் கட்டாகவே கண்டிருக்கிறேன், கறையான் ஒரு மூலையைத் தின்றிருந்தது. போய்க் கேட்டு வாங்குங்கள். மூலத்தை வீட்டில் பிளாஸ்டிக் உறையில் வையுங்கள். இரண்டு போட்டோக் கொப்பி எடுத்து அதிபரிடம் உறுதிப்படுத்தி வையுங்கள். மகள் குழுவில் பின்வரிசையில் நின்று ஆடினாலும் இதை விட்டுவிட வேண்டாம்.

குறைந்த செலவில் விடுமுறையைப் போக்க வழி இருக்கிறதா? இருக்கிறது. பிரதேச செயலகத்தில் கலாசார உத்தியோகத்தர் ஒருவர் இருப்பார். அதன் கீழ் நடக்கும் கலாசார மத்திய நிலையங்களில் நடனம், சங்கீதம், சித்திரம் எல்லாம் சிறு தொகைக்குப் படிப்பிக்கிறார்கள். ஆனால் அறிவித்தல் யார் கண்ணிலும் படாது. ஒரு அலுவலகத்தில் உள் நடையில், அலுவலர்கள் மட்டும் போகிற பக்கம் அதை ஒட்டியிருந்தார்கள், விண்ணப்ப முடிவு நாளுக்கு இரண்டு நாள் முன்பு. கேட்டதற்கு "ஒட்டித்தானே இருக்கிறோம்" என்றார்கள். சனத்தின் வரிப்பணத்தில் நடக்கிற வகுப்பைச் சனத்துக்குச் சொல்ல ஒரு கோயில் ஒலிபெருக்கியோ ஒரு வட்ஸ்அப் செய்தியோ போதாதா? இவர்கள் சொல்லாமல் விடுகிற இடைவெளியில்தான் முகாம்காரர் கடை விரிக்கிறார். ஆகவே அறிவித்தலுக்குக் காத்திராமல் நேரே போய் உத்தியோகத்தரின் மேசைக்கு முன்னால் நின்று கேளுங்கள்.

மகளைக் கூத்துப் பார்க்கக் கூட்டிக்கொண்டு போங்கள். ஆடி ஆவணியில் கோயில் திருவிழாக்கள் நிறைய. வெருகல் சித்திர வேலாயுதர் கோயிலுக்குப் போகிறவர்கள் இரவு நின்று பார்த்து வரலாம். மூதூர், வெருகல் பக்கம் அண்ணாவியார் யாராவது கூத்துப் பழக்குவது தெரிந்தால், ஆட்டத்தைவிடப் பழக்கத்தைப் பார்ப்பது நல்லது. ஆடுகிறவர்களுக்கு அவரவர் பாட்டு எழுதிய ஏட்டைக் கொடுத்து (அதைச் சட்டம் கொடுத்தல் என்பார்கள்), மாதக்கணக்கில் ஆடிப் பழகி, பிறகுதான் சதங்கை அணிவிழா வைப்பார்கள். காலுக்குச் சதங்கை எப்போது வர வேண்டும் என்று உங்கள் மகள் அங்கே கண்ணால் காண்பாள். கிண்ணியாப் பக்கம் முஸ்லிம் மக்களிடம் பொல்லடி இருக்கிறது. தாளத்துக்குக் கம்பும் காலும் ஒன்றாகப் போவதைப் பார்த்தால் நடனப் பிள்ளைக்கு வேறு பாடமே வேண்டாம். முன்பு பாதை என்கிற மிதவைப் படகுக்குக் காத்துக் கிடந்துதான் கிண்ணியாவுக்குப் போவோம். 2009இல் பாலம் திறந்த பிறகு பஸ்ஸில் போய் வந்துவிடலாம்.

மகனுக்கு முகாம் வேண்டவே வேண்டாம். ஒரு கீறல் கொப்பியும் 2பி பென்சிலும் வாங்கிக் கொடுத்து, காலை ஏழு மணிக்கு பிரெட்ரிக் கோட்டைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். வாசல் வளைவுக் கல்லில் பாண்டியரின் இரட்டைக் கயல் செதுக்கியிருக்கிறது. போர்த்துக்கேயர் 1620களில் கோணேசர் கோயிலை இடித்து அந்தக் கற்களையே கோட்டைக்கு எடுத்தார்கள் என்பதைக் கதையாகச் சொல்லுங்கள், பிறகு அந்த மீனைக் கீறச் சொல்லுங்கள். தேய்ந்த கல்லில் செதிள் எங்கே முடிகிறது, வெடிப்பு எங்கே தொடங்குகிறது என்று அவன் கண்ணைச் சுருக்கிப் பார்க்கத் தொடங்குவான், சித்திரம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. உள்ளே மான்கள் நிழலில் படுத்திருக்கும், அவற்றையும் கீறலாம். உள்ளே இராணுவ முகாம் இருக்கிறது, அவர்கள் பக்கம் திரும்பிக் கீறவோ படம் எடுக்கவோ வேண்டாம் என்று முதலே சொல்லி வையுங்கள். வெயில் ஏறினால் டச்சு விரிகுடாப் பக்கம் கடற்படை நடத்துகிற அருங்காட்சியகம் இருக்கிறது. ஒல்லாந்தர் காலத்துக் கட்டடம். தடித்த சுவர், உள்ளே குளிர்ச்சி. மிச்சப் படத்தை அங்கே கீறட்டும்.

திங்கட்கிழமை காலையே பிரதேச செயலகத்துக்குப் போங்கள், சனம் கூடும் முன். மகளின் பிறப்புச் சான்றிதழ்ப் பிரதியும் பாடசாலை முன்னேற்ற அறிக்கையும் கையில் இருக்கட்டும். இடமில்லை என்றால் காத்திருப்புப் பட்டியலில் பெயரை எழுதச் சொல்லி, எழுதும் வரை நில்லுங்கள். அந்த அண்ணா வெள்ளிக்கிழமை கோல் எடுத்தால், பிள்ளையின் அப்பா யோசித்துச் சொல்வார் என்று சொல்லி வைத்துவிடுங்கள்.